கூரைக்குள் குடியேறும் பிராணிகள்: வெளியேற்றும் முறையும் வேளையும்

ஓட்டு வீடு, தகரக் கொட்டகை, பழைய பங்களா, கிராமப் பள்ளிக்கூடம் ஆகிய எதுவாயினும், கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட இருண்ட வெளி காட்டுப் பிராணிகளுக்கு ஏற்ற புகலிடமாகும். அங்கே மழை படாது, நாய் எட்டாது, பகலில் மனிதர் ஏறுவதும் அரிது. ஆகவே வௌவால், மரநாய், கூகை, எலி, அணில் முதலியன அங்கே குடிபுகுவதில் வியப்பொன்றுமில்லை. அவற்றை வெளியேற்ற வழி கேட்டு மக்கள் முதலில் நாடுவது கிராமத்தில் பணிபுரியும் களப்பணியாளரையோ பள்ளி ஆசிரியரையோதான். "துவாரத்தை அடைத்துவிடுங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் யோசனை. யோசனை சரியானதே. ஆனால் வேளையறியாது அடைத்தால் தொல்லை நீங்குவதற்குப் பதிலாகப் பன்மடங்காகிவிடும்.

பகலில் அடைத்தால் உள்ளே உறங்கும் பிராணி சிறைப்படும். தாய் இரை தேடச் சென்ற பின்னர் இரவில் அடைத்தால் பறக்கவோ நடக்கவோ இயலாத குட்டிகள் உள்ளே சிக்கிப் பட்டினியால் மடியும். அழுகும் உடலின் நாற்றமும் அதனை மொய்க்கும் ஈக்களும் பல நாள் வீட்டாரை வருத்தும். குட்டியை இழந்த மரநாய் ஓட்டைப் பெயர்த்து உள்ளே புக முயலும். அடைபட்ட வௌவால்களோ வழி தேடித் தவழ்ந்து, சுவரிடுக்கு வழியாக வகுப்பறையிலும் படுக்கையறையிலும் வந்து விழும். அதுவரை மனிதரைத் தொடாமல் வாழ்ந்த பிராணி அப்போதுதான் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்துக்கு வருகிறது. கூரைப் பிராணிகளால் விளையும் மெய்யான அபாயம் பெரும்பாலும் இவ்வாறு மனிதர் செய்கையாலேயே தோன்றுவது கவனத்திற்குரியது.

குடியிருப்பது எது?

பிராணியைக் காணாமலேயே அதன் அடையாளத்தால் இன்னதென அறியலாம். உதிர்ந்து கிடக்கும் எச்சமே சிறந்த சாட்சி. சிறு வௌவாலின் எச்சமும் எலியின் புழுக்கையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஒரு குச்சியால் நசுக்கினால் வேறுபாடு விளங்கும். வௌவால் எச்சம் உலர்ந்த பின் எளிதில் பொடியாகும். அப்பொடியில் பூச்சிகளின் சிறகுத் துணுக்குகள் மினுமினுக்கும். எலிப் புழுக்கை கெட்டியானது, அவ்வாறு பொடியாவதில்லை. கனிகளின் விதைகள் முழுதாகக் கலந்த, விரல் பருமனுள்ள கழிவு ஒரே இடத்தில் குவிந்திருப்பின் அது மரநாயினது. எலும்பும் மயிரும் உருண்டு திரண்ட கரிய உருண்டைகள் கிடந்தால் மேலே கூகை இருக்கிறது; செரிமானமாகாதவற்றை அது வாய் வழியே கக்கிவிடும்.

தாழ்வாரத் தரையில் மென்று துப்பிய பழச்சக்கையும் விதையும் காணப்பட்டால் கூரையைத் தேடிப் பயனில்லை. குட்டை மூக்குப் பழவௌவால் இரவில் அங்கே சிறிது நேரம் தொங்கிப் பழத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். அது அங்கே குடியிருப்பதன்று. ஆதலால் அடைக்க வேண்டிய துவாரமும் இல்லை.

வௌவால்கள்

இந்திய வீடுகளின் கூரையில் வாழ்பவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். அவற்றுள் மிகச் சிறியது ஏறத்தாழ மூன்று கிராம் எடையே உள்ளது. சற்றுப் பெரியது மஞ்சள் வீட்டு வௌவால். எலியைப் போல் இவை மரத்தையோ மின்கம்பியையோ கொறிப்பதில்லை, கூடு கட்டுவதுமில்லை. ஏற்கெனவே உள்ள இடுக்கில் ஒட்டிக்கொள்வதே இவற்றின் இயல்பு. சுவரின் மேல்விளிம்பும் ஓடும் கூடுமிடம், இறவாணம், முகட்டு ஓட்டின் உடைந்த காரை, நெளிதகரத்தின் வளைவுக்கு அடியில் உள்ள சந்து ஆகியன இவை நுழையும் வழிகள். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைந்தவை. ஓர் ஓடு சற்று நகர்ந்தாலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி தோன்றிவிடும். சிறு வௌவாலுக்கு அதுவே போதும்.

வழியைக் கண்டறிய ஏணி தேவையில்லை. கதிரவன் மறையும் வேளையில் இருவர் கட்டிடத்தின் எதிரெதிர் மூலைகளில் நின்று, இருட்டும் வரை கூரை விளிம்பை நோக்கியிருந்தால் வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவருவது புலப்படும். இரண்டு மூன்று மாலைகள் இவ்வாறு பார்த்தல் நலம். விடியலுக்கு முன்னர் அவை திரும்பும்போது நுழைவாயிலைச் சுற்றிப் பலமுறை வட்டமிடுவதால் ஐயமிருப்பின் அவ்வேளையிலும் பார்க்கலாம். தூர நின்று எண்ணும் இப்பணியை ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டும் செய்விக்கலாம்; இயற்கைப் பாடத்தில் இதனினும் நல்ல வெளிப்பயிற்சி அரிது.

அடுத்து அறிய வேண்டியது குட்டிகள் உண்டா என்பது. இங்கேதான் அயல்நாட்டு நூல்கள் நம்மை வழிதவறச் செய்கின்றன. குளிர்நாடுகளில் வௌவால்கள் கோடையில் மட்டுமே ஈனும். ஆகவே இலையுதிர் காலத்தில் கூரையை மூடுக என்று அந்நூல்கள் ஒரே விதியாகக் கூறிவிடுகின்றன. இந்தியாவில் அத்தகைய ஒரே பஞ்சாங்கம் கிடையாது. வட இந்தியாவில் பெரிய மஞ்சள் வீட்டு வௌவால் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத் தொடக்கத்தையொட்டி ஈனுகிறது. மிகச் சிறிய வீட்டு வௌவாலோ ஆண்டின் பல மாதங்களிலும் கருவுற்று ஈனுவது மதுரையில் நிகழ்ந்த ஆய்வினால் தெரிய வந்துள்ளது. எனவே மாதத்தை நம்பாமல் கூரையையே கேட்டறிதல் வேண்டும். பெரியவை யாவும் வெளியே பறந்து சென்ற பின்னர், இருட்டில் உட்கூரைக்குக் கீழே அமைதியாக நின்று செவிமடுக்க வேண்டும். மெல்லிய கிறீச்சொலி தொடர்ந்து கேட்குமாயின் பறக்க இயலாத குட்டிகள் உள்ளன. அவ்வாறாயின் பணியை ஒத்திவைத்து, ஒன்றரை மாதம் கழிந்த பின் மீண்டும் செவிமடுத்துப் பார்க்க வேண்டும்.

குட்டிகள் இல்லையென்று உறுதியானதும் முக்கியமல்லாத சந்துகளையெல்லாம் முதலில் காரையிட்டு அடைத்து, வௌவால்கள் வழக்கமாகப் போய்வரும் வாயிலை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அதன்மேல் கொசுவலை போன்ற நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையைத் திரைபோல் தொங்கவிட வேண்டும். வலையின் மேல்விளிம்பையும் இருபக்கங்களையும் சுவரோடு பொருத்தி, கீழ்விளிம்பைத் திறந்தே விட வேண்டும். வலை வாயிலுக்குக் கீழே அரை மீட்டர் அளவு தொங்குவது அவசியம். வெளிவரும் வௌவால் வலைக்கும் சுவருக்கும் நடுவே தவழ்ந்து இறங்கிக் கீழே பறந்து போகும். திரும்பி வரும்போது பழைய வாயிலை நோக்கியே பறந்து வலையில் முட்டி வழி காணாது வேறிடம் தேடும். மீன்வலையைப் பயன்படுத்தலாகாது, வௌவால்கள் அதில் சிக்கி இறக்கும். ஐந்து முதல் ஏழு இரவுகள் வலை இருக்கட்டும். பலத்த மழை பெய்யும் இரவுகளைக் கணக்கில் சேர்க்கலாகாது. அன்று பல வௌவால்கள் வெளியே வருவதேயில்லை. கடைசி இரண்டு மாலைகளில் ஒன்றும் வெளிவராதிருப்பின் வலையை நீக்கி வாயிலை நிரந்தரமாக அடைக்கலாம்.

இம்முறை மெதுவானது என்பது உண்மை. எனினும் மிளகாய்ப் புகை, அந்துருண்டை, ஒலிக்கருவி முதலியவற்றை நம்புவோர் சில நாளில் வௌவால்கள் திரும்பி வருவதையே காண்கின்றனர். அந்துருண்டையின் ஆவி கீழே உறங்கும் மனிதருக்கே தீங்கானது. ஓலையும் மரச்சட்டமும் உள்ள கூரையில் புகை போடுவது தீயை வரவழைப்பதற்கு ஒப்பாகும்.

வௌவால் என்றதும் நிப்பா நோயை நினைந்து அஞ்சுவோர் பலர். 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் அந்நோய் தோன்றியபோது, முதலில் நோயுற்ற குடும்பத்துக்குரிய கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துப் போபால் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தனர். அவை பூச்சி தின்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நிப்பாக் கிருமி காணப்படவில்லை. பின்னர் அப்பகுதியில் பிடிக்கப்பட்ட பெரிய பழந்தின்னி வௌவால்களிலேயே அக்கிருமி கண்டறியப்பட்டது. அவ்வகை பெருமரங்களில் வெளிப்படையாகத் தொங்கி வாழ்வது. வீட்டுக் கூரையில் குடியேறுவதன்று. ஆகவே நிப்பாவுக்கு அஞ்சிக் கூரை வௌவால்களைக் கொல்வது காரணமற்ற செயல். சட்டமும் மாறிவிட்டது. முன்னர் பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை காகம், எலி ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மரநாயும் கூகையும்

மரநாய் பெயரளவில்தான் நாய். இனத்தால் புனுகுப் பூனைக்கு உறவு. கேரளத்தில் இதனை மரப்பட்டி என்பர். வங்காளத்தில் பாம் என்பர். நள்ளிரவில் உட்கூரை அதிர ஓடுவது பெரும்பாலும் இதுவே. ஒரு பிராணியே ஓடினும் பலர் நடமாடுவதாகத் தோன்றும். வங்காளத்தில் நறுமண அரிசி வேகும் வாசனை காரணமின்றி வீசினால் பாம் வந்திருக்கிறது என்று வீட்டார் அறிந்துகொள்வர். இப்பிராணி சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அனுமதியின்றிக் கூண்டு வைத்துப் பிடிப்பதும் வேறிடத்தில் கொண்டு விடுவதும் குற்றமாகும். அவ்வாறு விடுவதால் பயனும் இல்லை. வழி திறந்திருக்கும் வரை காலியான கூரைக்கு வேறொரு மரநாய் வந்து சேரும்.

இதற்குத் தக்க முறை அமைதியைக் கெடுப்பதே. பகலில் உட்கூரைக்குள் ஒரு மின்விளக்கை எரியவிட்டு, பேச்சொலி கேட்கும்படி வானொலிப் பெட்டியை வைத்தால் சில நாளில் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டு போய்விடும். அதன்பின் நுழைவாயிலில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகி வைக்க வேண்டும். மூன்று இரவு கழிந்தும் காகிதம் அசையாதிருப்பின் கூரை காலியென்று கொள்ளலாம். காகிதம் உள்ளிருந்து தள்ளப்பட்டிருந்தால் பொறுத்திருத்தல் வேண்டும். வாயிலைக் கெட்டியான கம்பிவலையால் அடைத்து, கூரைக்கு மேல் கவிந்த மரக்கிளைகளை இரண்டு மீட்டர் தூரத்துக்கு வெட்டிவிட்டால் அதன் பாதை அறுபடும்.

கூகையைப் பொறுத்தவரை பொறுமையே வழி. அதன் குஞ்சுகள் எழுப்பும் சீறொலியைப் பாம்பென்றும் பேயென்றும் எண்ணிப் பயந்தோர் உண்டு. சாக்குருவி என்று வெறுத்துக் கல்லெறிவோரும் உண்டு. உண்மையில் அக்கூரையிலுள்ள எலிகளுக்கு அதனைவிடப் பெரிய பகை இல்லை. முட்டை பொரிய ஒரு மாதமும், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதமும் ஆகும். அதுவரை கீழே ஒரு சாக்கை விரித்து எச்சத்தை ஏந்திக்கொள்ளலாம். குஞ்சுகள் பறந்த பின் வாயிலை மூடி, அருகிலுள்ள மரத்திலோ தானியக் களத்தின் சுவரிலோ ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினால் கூகை அங்கே குடிபெயரவும் கூடும்.

எலிக்கு விதி வேறு. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு, உள்ளே பொறி வைத்துப் பிடிப்பதே முறை. கூரையில் நஞ்சு வைப்பது தவறு. செத்த எலி எட்டாத இடத்தில் அழுகும். புரோமடியோலோன் போன்ற நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மரநாயும் நஞ்சேறி மடியும். அணில் தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டு கட்டிய கூட்டைக் குஞ்சுகள் வெளியேறிய பின் எடுத்துவிட்டால் போதும். மின்கம்பிகள் கடிபட்டுள்ளனவா என்று மட்டும் உடனே பார்க்க வேண்டும்.

எவ்வகைப் பிராணியாயினும் வெறுங்கையால் தொடுதல் கூடாது. வௌவாலோ மரநாயோ கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். காயம் சிறிதென்று காத்திருக்கலாகாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் சிகிச்சை பெரும்பாலும் பலன் தருவதில்லை.

கூரை காலியான பின்னரும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். பல ஆண்டு குவிந்த உலர்ந்த வௌவால் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். ஆகவே மாணவர்களைக் கொண்டு அதனைப் பெருக்கச் செய்வது எக்காரணத்தாலும் தகாது. பெரியவர் ஒருவர் முகமூடியும் கையுறையும் அணிந்து, எச்சத்தின் மேல் நீரைத் தெளித்து நன்கு நனைத்த பின்னரே வாரியெடுத்துச் சாக்கில் கட்டி இறக்க வேண்டும். பள்ளிக்கூடமாயின் இதனை விடுமுறை நாளில், சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்து, மறுநாள் தரையை ஈரத்துணியால் துடைத்த பின்னர் வகுப்பைத் தொடங்கலாம்.