சான்றுரையும் ஒலிநாடாவும்

வழக்குமன்றத்தில் சாட்சியின் வாயினின்று வருவது பேச்சு. வழக்குக் கட்டில் எஞ்சுவது எழுத்து. இவ்விரண்டிற்கும் இடையே நேரும் இழப்பு எத்துணைத்து என்பதை மொழியாராய்வோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. தயக்கமும், வினாவிற்கும் விடைக்கும் இடைப்பட்ட வாளாமையும், ஒரு சொல்லைக் கூறிப் பின்னர் அதனைத் திருத்திக்கொள்ளுதலும் எழுத்தில் ஏறுவன அல்ல. மன்ற நடவடிக்கைகளை ஒலிப்பதிவு செய்ய இசைவளிக்கலாமா என்னும் வினாவை ஆராயப் புகுவார்க்கு ஜெர்மனி நாட்டு வழக்கொன்று பெரிதும் பயன்படும்.

1963 டிசம்பர் 20ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் ஆஷ்விட்ஸ் வழக்கு தொடங்கிற்று. அவ்வதைமுகாமில் பணியாற்றியோர் சிலர் ஆண்டுக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பெற்றனர். ஹெஸ்ஸ மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் பிரிட்ஸ் பவுவர் என்பாரின் விடாமுயற்சியால் எழுந்த வழக்கு அது. 1965 ஆகஸ்டில் தீர்ப்புப் பெற்றது.

ஈண்டு அந்நாட்டு முறையொன்றை அறிதல் வேண்டும். கொலை முதலிய கொடுங்குற்றங்களை விசாரிக்கும் மன்றங்களில் சான்றுரையைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கும் வழக்கம் அங்கு இல்லை. விசாரணை முறைப்படி நடந்ததா என்பதே ஏட்டில் பதியும். நீதிபதிகள் தாம் எடுத்த குறிப்புகளையும் நினைவையும் கொண்டே தீர்ப்பு வரைவர். முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் சாட்சி கூறிய வழக்கில் இவை போதா. ஆகவே, மன்றத்தின் நினைவிற்குத் துணையாக என்னும் ஒரே நோக்கம் கூறி, சாட்சியரின் இசைவையும் கேட்டு, அவர்தம் உரைகளை நாடாவில் பதித்தனர். வழக்கு முடிந்தபின் அவற்றை அழித்துவிடுவதே ஏற்பாடு.

அழிக்கப்பெறவில்லை. முகாமினின்று உயிர்மீண்டு அவ்வழக்கிலேயே சாட்சி கூறிய ஹெர்மன் லாங்பைன் போன்றோர் வேண்டிக்கொண்டமையால் நாடாக்கள் தப்பின. 103 நாடாக்கள், ஏறத்தாழ 430 மணி நேரம், 319 சாட்சியரின் குரல்கள். அவருள் 181 பேர் முகாமினின்று மீண்டவர். 80 பேர் முகாமில் பணிபுரிந்தோரும் காவற்படையினரும் ஆவர். வேற்றுமொழியிற் பேசிய சாட்சியின் குரலும், அதனை ஜெர்மானியத்தில் பெயர்த்துரைத்தவர் குரலும் அடுத்தடுத்துக் கேட்கின்றன. பெயர்ப்பில் நழுவியது யாது என்று இன்றும் ஒப்பிட்டுக் காணலாம். 2013 முதல் இவை இணையத்தில் யாவரும் கேட்குமாறு உள்ளன. 2017இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அழிவிற்கென்றே பதித்தவையே அச்சான்றுரைகளுக்குச் சொன்மாறாத ஆவணமாய் நிற்பது வியப்பே.

ஆயினும் மறுப்புரைப்பார் கூற்றையும் தள்ளுதற்கில்லை. ஒலிவாங்கியைக் கண்ட சாட்சி அஞ்சி ஒடுங்குதல் உண்டு. முன்னவர் கூறியதைக் கேட்டுப் பின்னவர் தம் உரையை மாற்றிக்கொள்ளுதலும் உண்டு. இவை கருதியே 1964ஆம் ஆண்டின் ஜெர்மானியச் சட்டத்திருத்தம் ஒலிபரப்பிற்காகவும் வெளியீட்டிற்காகவும் மன்றத்தில் ஒலிப்பதிவு செய்தலைத் தடுத்தது. இத்தடை பரப்புதலைப் பற்றியது, பதித்தலையே பற்றியதன்று. பதித்தல் வேறு, பரப்புதல் வேறு என்னும் வேறுபாட்டை மறந்தமையே பிற்காலக் குழப்பத்திற்குக் காரணம் என்பது என் கருத்து.

அதன் விளைவை மியூனிக் நகரில் காணலாம். பத்துப் பேரைக் கொன்ற புதுநாசிக் கும்பலைப் பற்றிய வழக்கு அங்கு 2013 மே முதல் 2018 ஜூலை வரை 438 நாள் நடைபெற்றது. கொலையுண்டோரின் பெற்றோரும் மனைவியரும் மன்றில் நின்று உரைத்தவற்றிற்கு ஒலிப்பதிவும் இல்லை. மன்றம் எழுதிய முழு உரையும் இல்லை. செய்தியாளர் அமர்ந்து எழுதிய குறிப்புகளே நூலாக வெளிவந்துள்ளன.

2018இல் நடைமுறைக்கு வந்த புதிய திருத்தம், நாட்டின் வரலாற்றில் தலைசிறந்த வழக்குகளை ஆராய்ச்சிக்காகவும் வரலாற்றிற்காகவும் பதிக்க மன்றம் இசையலாம் என்கின்றது. ஆயின், அப்பதிவு ஆவணக் காப்பகத்திற்கு உரியது. வழக்குக் கட்டில் சேர்த்தற்கோ, அவ்வழக்கிற்கெனப் பயன்படுத்துதற்கோ உரியதன்று. சாட்சி சொன்னது யாது என்று ஐயுறும் நீதிபதி, பிராங்க்பர்ட்டில் செய்தது போல, அந்நாடாவை ஓட்டிக் கேட்டல் இயலாது.