மாத்திரை மேல் மாத்திரை போடலாமா?



விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை முடித்து வீடு திரும்பும்போது உடம்பு அசந்து போகிறது. தலை கிறுகிறுக்கிறது. "சத்து மாத்திரை போடு, சரியாப் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "ஐயையோ, நீதான் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுறியே! ரெண்டும் சேர்ந்தா ஒத்துக்காது" என்கிறார் இன்னொருவர். பயந்துபோய் ஏதாவது ஒன்றை நிறுத்திவிடுகிறீர்கள். சத்து மாத்திரையை நிறுத்தினால் சோகை கூடும். மற்றதை நிறுத்தினால் அடுத்த மாதமே வயிற்றில் பிள்ளை தங்கலாம்.

நம் நாட்டில் குடும்பத் திட்டச் சட்டம் வந்தது 1966-இல். இத்தனை வருஷமாகியும் இந்தச் சந்தேகம் மட்டும் தீரவில்லை. இன்று தீர்த்துக்கொள்வோம்.

பயப்பட வேண்டாதவை

இரும்புச் சத்து, போலிக் ஆசிட், கால்சியம், சாதாரண வைட்டமின் மாத்திரைகள் கர்ப்பத் தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. சில வகை அட்டைகளில் கடைசி 7 மாத்திரைகள் பழுப்பு நிறமாக இருக்கும். அவற்றில் இருப்பதே இரும்புச் சத்துதான்! வைட்டமின் சி அதிகம் போட்டால் ஆபத்து என்று 1980-களில் ஒரு பேச்சு இருந்தது. பிறகு நடந்த ஆய்வில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம்.

கெடுக்கக்கூடியவை

மனக்கவலைக்கு என்று விற்கப்படும் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மூலிகை மாத்திரை முக்கியமானது. கர்ப்பத் தடை மருந்தை ஈரல் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளும்படி அது செய்துவிடும். மாத்திரை தவறாமல் போட்டும் பிள்ளை தங்கலாம். கையில் வைக்கும் குச்சியையும் அது கெடுக்கும் என்று 2014-இல் பிரிட்டன் மருந்து அதிகாரிகள் எச்சரித்தார்கள். நிறுத்திய பிறகும் 4 வாரம் அதன் வேலை நீடிக்கும்.

காச நோய்க்குத் தரும் ரிபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பினிடோயின், கார்பமசெபின் ஆகியவையும் இப்படித்தான். அதற்காக அந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லி கர்ப்பத் தடை முறையை மாற்றிக்கொள்ளுங்கள். 3 மாத ஊசிக்கும் காப்பர் வளையத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை.

வயிற்றுப்போக்குக்குப் போடும் கறுப்புக் கரி மாத்திரை, வயிற்றில் இருக்கும் மற்ற மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள். மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

பாசார் மாலாமிலும் வீட்டு வாசலிலும் விற்கிற பெயர் தெரியாத ஜாமு, தூள், 'உடம்பு தேற்றும்' மாத்திரை எதையும் நம்பி வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அரசாங்கமே கண்டுபிடித்திருக்கிறது. டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் ஒட்டுத்தாளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான். மிஸ்ஸி திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தலை கிறுகிறுப்புக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். 35 வயதைத் தாண்டிப் புகைக்கும் பழக்கம் உள்ளவர்களும், கைப்பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேறு வகை மாத்திரை இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்குக் காச நோய் மருந்து நடக்கும்போதும், வாந்தி பேதி வந்த வாரத்திலும் ஆணுறை போட வேண்டியது உங்கள் பொறுப்பு.

எத்தனை பிள்ளை, எப்போது என்பது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.