சந்தேகமும் விசுவாசமும் சேர்ந்து நடத்திய விசாரணை

விசித்திரமான ஒன்றைக் கண்டதாக ஒருவன் வந்து சொல்லும்போது, கேட்ட மாத்திரத்தில் அப்படியே நம்பிவிடுகிறவர்கள் ஒரு சாரார். அவன் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துத் தள்ளிவிடுகிறவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பரம விரோதிகளைப் போலத் தோன்றினாலும், எழுந்து சென்று விசாரித்துப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளாத வகையில் இருவரும் ஒரே வகுப்பினர்தாம். மூன்றாவது மார்க்கம் ஒன்று உண்டு. நம்ப ஆசைப்படும் மனத்தையும் நிரூபணம் கேட்கும் அறிவையும் ஒருசேர அழைத்துக்கொண்டு, சம்பவம் நடந்த இடத்துக்கே போவதுதான் அது. அந்த மார்க்கத்தை இரண்டு மனிதர்களின் கதையாக்கி, வாரந்தோறும் லட்சோபலட்சம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது, அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்.

கதையின் அடிப்படை எளிமையானது. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் துப்பறியும் ஸ்தாபனமாகிய எஃப்.பி.ஐ.யில், எந்த விளக்கத்துக்கும் வசப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட வழக்குகளின் கட்டுகள் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தின் கீழ்க் கிடக்கின்றன. வாஷிங்டன் தலைமையகத்தின் நிலவறையில், அந்தக் கட்டுகளோடு தன்னையும் அடைத்துக்கொண்டு உழைப்பவன் ஃபாக்ஸ் மல்டர். ஆக்ஸ்ஃபோர்டில் மனோதத்துவம் பயின்றவன். குற்றவாளிகளின் மனப்போக்கைக் கணிப்பதில் நிகரற்றவன் என்று பெயரெடுத்தவன். 1973-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது தன் தங்கை சமந்தா காணாமற்போனதை மறக்க இயலாமல், அவளை வேற்றுலகவாசிகளே கொண்டுசென்றனர் என்ற உறுதியோடு வாழ்கிறவன். அவனுடைய வேலையை விஞ்ஞான முறைப்படி மதிப்பிட்டு அறிக்கை எழுதும்படி மேலதிகாரிகள் அனுப்புகிற இளம் அதிகாரி டானா ஸ்கல்லி. பௌதிகம் கற்று, ஐன்ஸ்டீனின் கொள்கையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, பின்பு வைத்தியப் படிப்பில் தேறிப் பிரேத பரிசோதனையில் வல்லவளானவள். அவனுடைய முயற்சியைப் பொய்யென்று காட்டுவதற்காக அனுப்பப்பட்டவள், அந்த முயற்சிக்கே ஆதாரஸ்தம்பமாக ஆகிவிடுவதுதான் இத்தொடரின் உயிர்நாடி.

இதைச் சிருஷ்டித்த கிறிஸ் கார்ட்டர், கலிஃபோர்னியாவில் பிறந்து, கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கான பத்திரிகையொன்றில் பணியாற்றிவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர். இளமையில் அவர் பார்த்து நடுங்கிய ‘கோல்ச்சாக்: த நைட் ஸ்டாக்கர்’ என்ற தொடரும், 1991-இல் வெளிவந்த ‘த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ திரைப்படத்தில் வரும் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பெண்ணின் பாத்திரமும் அவருடைய கற்பனைக்கு வித்திட்டன. ஆயினும் அவ்வித்து முளைக்க வேண்டிய மண்ணைத் தயார் செய்தது அமெரிக்காவின் சரித்திரமே. வாட்டர்கேட் ஊழல் ஒரு ஜனாதிபதியையே பதவி துறக்கச் செய்ததைக் கண்ட தலைமுறை அது. அலபாமாவின் டஸ்கீகியில் மேகவியாதியால் பீடிக்கப்பட்ட ஏழைக் கறுப்பின மக்களுக்கு, பென்சிலின் கிடைத்த பின்பும் சிகிச்சை தராமல், 1932 முதல் 1972 வரை அரசாங்கச் சுகாதாரத் துறையே ‘ஆராய்ச்சி’ என்ற பெயரால் அவர்களை வேடிக்கை பார்த்திருந்த கொடுமையையும் அது அறிந்திருந்தது. சோவியத் யூனியன் கலைந்து வெளிப்பகைவன் மறைந்துவிட்ட 1990-களில், அஞ்சத்தக்கது அயல்நாட்டில் இல்லை, நம் மாளிகைகளுக்குள்ளேயே இருக்கலாம் என்ற ஐயம் பொதுமக்களின் நெஞ்சில் குடிகொண்டிருந்தது; கார்ட்டர் அதற்கு உருவமும் குரலும் அளித்தார்.

பறக்கும் தட்டுகளைப் பற்றிய விசாரணை வெறும் கற்பனையில் மாத்திரம் நடந்ததன்று. 1947 ஜூன் 24-இல், கென்னத் ஆர்னால்டு என்ற விமானி வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைக்கருகே ஒன்பது ஒளிரும் பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகக் கூறியதிலிருந்து அமெரிக்கா முழுவதும் இத்தகைய செய்திகள் பெருகின. அவற்றை ஆராய விமானப்படை ஏற்படுத்திய ‘புளூ புக்’ என்னும் திட்டம் 1952 முதல் 1969 வரை இயங்கியது. 1947 முதற்கொண்டு சேர்ந்த 12,618 தகவல்களில் மிகப் பெரும்பாலானவை நட்சத்திரங்கள், பலூன்கள், விமானங்கள் முதலியவற்றைத் தவறாகக் கண்டதன் விளைவென்று தெளிந்து, 701 மாத்திரம் அடையாளம் காணப்படாதவையாக எஞ்சின. விமானப்படைக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்த வான சாஸ்திரி ஆலன் ஹைனெக், முழு அவநம்பிக்கையோடு அவ்வேலையில் புகுந்தவர். சாட்சிகள் பலரை நேரில் விசாரித்த அனுபவத்தால், இவற்றில் ஒரு பகுதியேனும் முறையான ஆராய்ச்சிக்குத் தகுதியுடையது என்று பிற்காலத்தில் வாதாடினார்.

நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் ஊருக்கு அருகில் 1947-இல் சிதறிக் கிடந்த பொருள்களின் கதை இன்னும் போதனை மிக்கது. வானிலை பலூன் என்று அன்று இராணுவம் கூறிய விளக்கத்தைப் பலர் நம்பவில்லை. வேற்றுலக வாகனமே விழுந்துவிட்டது என்று ஒரு புராணம் வளர்ந்தது. 1994-இல் விமானப்படை வெளியிட்ட அறிக்கையோ, சோவியத் அணுகுண்டுப் பரிசோதனைகளை வானத்தின் உயரத்திலிருந்து ஒற்றறிவதற்காக ‘மோகல்’ என்னும் ரகசியத் திட்டத்தின் கீழ் அனுப்பப்பட்ட பலூன்களின் சிதைவுகளே அவை என்று காட்டியது. அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்று சந்தேகித்தவர்கள் அந்த மட்டிலும் சரியாகவே சந்தேகித்தார்கள். மறைத்த பொருள் இன்னதென்று தாங்களே தீர்மானித்துக்கொண்ட இடத்தில்தான் வழி தவறினார்கள். சந்தேகம் விசாரணையின் வாயிலே தவிர அதன் முடிவன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இந்த உண்மையைத்தான் மல்டரும் ஸ்கல்லியும் தங்கள் வாழ்க்கையால் விளக்குகிறார்கள். உணர்ச்சிவசப்படுகிறவள் பெண், பகுத்தறிந்து பேசுகிறவன் ஆண் என்ற பழைய சம்பிரதாயத்தைக் கார்ட்டர் வேண்டுமென்றே தலைகீழாக்கினார். ஆயினும் அந்தப் பங்கீட்டையும் அவர் மாறாத விதியாக வைத்துவிடவில்லை. கழுத்தில் சிலுவை அணிந்த கத்தோலிக்கப் பெண் ஸ்கல்லி. தெய்வ சம்பந்தமான அதிசயம் என்று ஒன்று வந்துவிட்டால் அவள் மனம் கனிந்து நம்பத் தொடங்குகிறது, எதையும் நம்பும் மல்டரோ அங்கே கடுமையான சந்தேகவாதியாகிவிடுகிறான். எந்த மனிதனும் முழுக்க முழுக்கப் பகுத்தறிவாளனும் அல்லன், முழுக்க முழுக்க விசுவாசியும் அல்லன். தன் நெஞ்சில் காயம்பட்ட இடத்தில், அல்லது அன்பு ஊறிய இடத்தில், அவனுடைய அளவுகோல் மாறிவிடுகிறது. ஆகவேதான் ஒருவனுக்கு மற்றொருவன் துணை வேண்டியிருக்கிறது என்ற ஆழ்ந்த மனித சாஸ்திரம் இப்பாத்திரங்களில் அடங்கியிருக்கிறது. டேவிட் டுகோவ்னியும் ஜில்லியன் ஆண்டர்சனும் இதை உரத்த குரலின்றி, பார்வையாலும் மௌனத்தாலும் நடித்துக் காட்டினார்கள். ஆண்டர்சனுக்கு 1997-ஆம் ஆண்டு சிறந்த நடிகைக்கான எம்மி விருது கிடைத்தது.

முதல் வருஷத்திலேயே வந்த ‘ஐஸ்’ என்னும் கதையைப் பாருங்கள். அலாஸ்காவின் உறைபனிக்குள் ஆழத் துளையிட்ட விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் கொன்று மாண்டு கிடக்கிறார்கள். பனியின் அடியில் நெடுங்காலம் உறைந்திருந்த ஒரு புழு மூளையில் புகுந்து, மனிதனைக் கொலைவெறி கொள்ளச் செய்கிறது என்று தெரியவருகிறது. வெளியே பனிப்புயல், உள்ளே சில மனிதர்கள், அவர்களில் யாருடைய உடலில் புழு இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. மல்டரும் ஸ்கல்லியும்கூட ஒருவர்மேலொருவர் துப்பாக்கியை நீட்டும் நிலை வந்துவிடுகிறது. அவர்களை மீட்பது வீரமன்று, ஒரு பரிசோதனை; ஓர் உடலுக்குள் இரண்டு புழுக்கள் சேர்ந்து வாழாமல் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்பதை நுண்ணோக்கியின் கீழ்க் கண்டு, நாய் ஒன்றிடம் சோதித்து உறுதிசெய்துகொண்ட பின்பே மனிதருக்கு அதைப் பிரயோகிக்கிறார்கள். ஆதாரமற்ற சந்தேகம் நண்பர்களைக் கொலைகாரர்களாக்குகிறது, ஆதாரம் தேடும் சந்தேகம் உயிரைக் காக்கிறது என்ற பேதத்தை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு துலக்கமாகச் சொல்லியிராது.

இன்னொரு முகமும் இத்தொடருக்கு உண்டு. 1995-இல் டாரின் மார்கன் எழுதிய ‘கிளைட் புரூக்மன்’ஸ் ஃபைனல் ரிப்போஸ்’ என்னும் கதையில், எதிர்ப்படுகிறவர்கள் எவ்விதம் இறப்பார்கள் என்பதை முன்கூட்டியே அறியும் சக்தி பெற்ற ஒரு முதியவர் வருகிறார். தொழிலோ ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்பது. பிறர் வரமென்று எண்ணும் ஞானம் அவருக்குத் தாங்கொணாத பாரமாக இருப்பதையும், அவருடைய தனிமையின்பால் ஸ்கல்லிக்கு உண்டாகும் இரக்கத்தையும் காணும்போது, அதிசயம் என்பது மனித துக்கத்தை எட்டிப்பார்க்க ஒரு ஜன்னலாகவே இங்கே பயன்படுகிறது என்று புரிகிறது. எழுதிய மார்கனும் முதியவராக நடித்த பீட்டர் பாயிலும் எம்மி விருது பெற்றார்கள்.

கதைக்கு ஏற்ற களமும் வாய்த்தது. முதல் ஐந்து வருஷங்கள் கனடாவின் வான்கூவர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் படப்பிடிப்பு நடந்தது. அப்பிரதேசத்தின் ஓயாத மழையும், மூடுபனியும், வானளாவிய ஊசியிலை மரங்களும், அவ்விருளைக் கைவிளக்கின் ஒளிக்கற்றையால் கீறிச் செல்லும் இரு உருவங்களும் சேர்ந்து, சின்னத்திரை அதுவரை அறியாத அடர்த்தியான அழகை உண்டாக்கின. அதற்கு மார்க் ஸ்னோ அமைத்த முகப்பிசையில், தனித்து எழும் சீழ்க்கையொலியும் எதிரொலியும் கேட்போரின் முதுகைச் சிலிர்க்கச் செய்தன.

பெரும் புகழுக்கு எதிர்ப்பும் வந்தது. உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1996-இல் பிபிசியில் ஒளிபரப்பான சொற்பொழிவொன்றில், பகுத்தறிவான விளக்கமும் அமானுஷ்ய விளக்கமும் வாரந்தோறும் மோதி, வாரந்தோறும் அமானுஷ்யமே வெல்வது பகுத்தறிவுக்கு விரோதமான பழக்கத்தை வளர்க்கிறது என்று கண்டித்தார். முடிவுகளை மாத்திரம் எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமே. ஆனால் பார்த்தவர்கள் அத்தொடரிலிருந்து எடுத்துச் சென்றது முடிவுகளை மட்டுமன்று. கதையின் விஞ்ஞானத்தைச் செம்மைப்படுத்த ஆன் சைமன் என்னும் வைரஸ் ஆராய்ச்சியாளர் ஆலோசனை கூறினார். ஜீனா டேவிஸ் நிலையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞானம், தொழில்நுட்பம் முதலிய துறைகளில் பணியாற்றும் பெண்களில் 63 சதவிகிதத்தினர் ஸ்கல்லி தங்களுக்கு ஆதர்சமாக இருந்ததாகக் கூறினர். இதற்கு ‘ஸ்கல்லி விளைவு’ என்றே பெயர் வழங்கலாயிற்று. வாதத்தில் வாரந்தோறும் தோற்றவளாகக் கருதப்பட்டவள், வாழ்க்கையில் அத்தனை பெண்களைப் பரிசோதனைச் சாலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். அவர்கள் கண்டது, உடனிருப்பவன் எவ்வளவு பிரியமானவனாயினும் ‘சான்று எங்கே?’ என்று கேட்கத் தயங்காதவளும், சான்று போதாதபோது போதவில்லை என்றே அறிக்கையில் எழுதும் நேர்மையுள்ளவளுமாகிய ஒரு பெண்ணை.

தொடரின் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. வேற்றுலகவாசிகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட ரகசியக் கூட்டத்தாரைப் பற்றிய நெடுங்கதை, ஒவ்வொரு விடைக்கும் பின்னால் மேலும் ஒரு மர்மத்தை அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் தளர்ந்தது. 1998-இல் படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியது. டுகோவ்னி இடையில் விலகினார். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க மக்களின் மனநிலையும் மாறியது. 2002 மே மாதத்தில் நிறைவுற்ற தொடர், 1998-இலும் 2008-இலும் திரைப்படமாகவும், 2016-இலும் 2018-இலும் மறுபடி தொலைக்காட்சியிலும் தோன்றி, மொத்தம் 218 பகுதிகளாக நிற்கிறது.

மீண்டும் வந்தபோது உலகம் வேறாகியிருந்தது. அதிகாரத்தை நம்பாதே என்று ஒரு காலத்தில் துணிச்சலோடு சொல்ல வேண்டியிருந்த வாக்கியம், இப்போது வைத்தியரையும் ஆசிரியரையும் விஞ்ஞானியையும் ஒருசேர மறுப்பதற்கு எவரும் எடுத்தாளும் சாக்காகிவிட்டது. கைபேசியில் வந்து விழும் வதந்தியை அடுத்த நிமிஷமே பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்கள், மல்டரின் அவநம்பிக்கையை மாத்திரம் சுவீகரித்துக்கொண்டு, அவன் நள்ளிரவில் மழையில் நனைந்து தேடிய உழைப்பையும், அவன் பக்கத்தில் நின்று மறுத்துப் பேசிய ஸ்கல்லியையும் கைவிட்டுவிட்டார்கள். இத்தொடரின் பெருமை அது எழுப்பிய சந்தேகங்களில் இல்லை. சந்தேகித்தவனுக்கு விசாரிக்கும் கடமையை அது விதித்ததில் இருக்கிறது. தான் நம்ப விரும்புவதை மறுத்துச் சொல்லக்கூடிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கச் சித்தமாயிருப்பவனே உண்மையைத் தேடத் தகுதியுள்ளவன்.