தலையைத் தொட்டால் பதற்றம் குறையுமா?

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டம் அது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் கூட்டம் முடிந்தும் போகாமல் நின்றிருந்தார். “டீச்சர், பரீட்சைன்னாலே பிள்ளைக்குக் கை நடுங்குது. ராத்திரி தூக்கமும் இல்ல. டவுன்ல ஒரு இடத்துல தலையை லேசாப் பிடிச்சே டென்ஷனக் குறைக்கிறாங்களாம். பத்து தடவை வரச் சொல்றாங்க. கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்டார்.

அறிவியல் ஆசிரியர் என்பதால்தான் என்னிடம் கேட்டார். என்னிடம் அன்று பதில் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில், ‘பலன் உண்டா?’ என்ற கேள்வியைவிட ‘பலன் உண்டா என்று எப்படிக் கண்டறிவது?’ என்ற கேள்வியே நம் வகுப்பறைக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

ஆஸ்டியோபதி என்பது எலும்புகளையும் தசைகளையும் கையால் கையாண்டு உடலைச் சீராக்க முயலும் முறை. இதைத் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் இதற்கென ஒரு பள்ளியை நிறுவினார். அங்கு பயின்ற வில்லியம் கார்னர் சதர்லேண்ட், மண்டையோட்டு எலும்புகளின் விளிம்புகள் மீனின் செவுளைப் போல இருப்பதாகக் கண்டார். அப்படியானால் அவை மூச்சுவிடுவது போல மெல்ல அசைய வேண்டும் என்று கருதினார். 1939இல் இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தலையை மென்மையாகப் பிடித்து அந்த அசைவை உணர்ந்து சீராக்கலாம் என்பதே இந்த முறையினர் சொல்வது.

குழந்தையின் உச்சிக்குழி நமக்குத் தெரிந்ததுதான். பிறந்தபோது எலும்புகளுக்கிடையே இடைவெளி இருக்கும். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் அது மூடிவிடும். வளர்ந்தவர்களின் மண்டையோட்டில் எலும்புகள் பல் பல்லாக ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். விரல் தொடுதலால் அவை நகரும் என்பது உடற்கூறியல் ஏற்கும் கருத்து அன்று. ஆனாலும் விளக்கம் தவறாக இருப்பதால் மட்டும் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலனைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

பதற்றத்தை எப்படி அளப்பது?

‘மனசு லேசாச்சு’ என்பது ஒருவரின் அனுபவம். சோதனைக்கு அளவீடு வேண்டும். பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது இதைத்தான் சொல்கிறோம். ஆபத்தை உணர்ந்ததும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. நாடித்துடிப்பு ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது நொடிகளில் நடப்பது. கார்டிசோல் சற்று மெதுவாக வரும். நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே உமிழ்நீரில் அதன் அளவு உச்சத்தைத் தொடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கார்டிசோல் காலையில் விழித்தவுடன் அதிகமாக இருக்கும். மாலையில் தானாகவே குறையும். ஒருவருக்குக் காலை 8 மணிக்கு அளந்து, சிகிச்சை தந்து, பிற்பகலில் மீண்டும் அளந்தால் குறைந்துதான் இருக்கும். அது சூரியன் செய்த வேலை. கை செய்த வேலை அன்று. ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பதற்றத்தை உண்டாக்க வேண்டும். இதற்காக ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993இல் வெளியிடப்பட்ட முறை இன்றும் பயன்படுகிறது. முகத்தில் உணர்ச்சியே காட்டாத குழுவின் முன் நின்று பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் மாணவர்கள் கரும்பலகை முன் நிற்கும்போது என்ன உணர்கிறார்கள் என்பது இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

எதனோடு ஒப்பிடுவது?

சோதனையின் உயிர் இங்குதான் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் நாடித்துடிப்பு 96, பின் 78 என்றால் சிகிச்சை வென்றது என்று சொல்லலாமா? அரை மணி நேரம் கண்மூடிப் படுத்திருந்தாலே துடிப்பு குறையும். யாரோ அன்பாகத் தலையில் கை வைத்தாலும் குறையும். ‘இதனால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையாலும் குறையக்கூடும்.

எனவே குறைந்தது மூன்று குழுக்கள் தேவை. முதல் குழுவுக்கு உண்மையான சிகிச்சை. இரண்டாம் குழுவுக்கு அதே அறை, அதே நேரம், தலையில் அதே கைகள். ஆனால் அந்த நுட்பம் மட்டும் இருக்காது. மூன்றாம் குழு வெறுமனே ஓய்வெடுக்கும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். உமிழ்நீரைப் பரிசோதிப்பவருக்குக் குழு எது என்று தெரியக் கூடாது. முதல் இரண்டு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே அந்த நுட்பத்தின் பலன்.

இதுவரை கிடைத்த சான்று

டெக்சாஸ் ஆய்வாளர்கள் 20 நலமான பெரியவர்களிடம் நடத்திய முன்னோட்ட ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. சிகிச்சை, வெறும் தொடுதல், எதுவும் செய்யாமை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சையின்போது தூக்கம் விரைவாக வந்தது. பரிவு நரம்புச் செயல்பாடும் தணிந்தது. இது ஆர்வமூட்டும் முடிவு. ஆனால் 20 பேர் மிகக் குறைவு. மேலும் கையால் தரும் எந்தச் சிகிச்சையிலும் தருபவருக்குத் தான் எதைத் தருகிறோம் என்பது தெரியும். அந்த வேறுபாடு அவர் கையில் வெளிப்படாது என்று உறுதி சொல்ல முடியாது.

பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் மதிப்பிட்டார்கள். தலையில் உணர்வதாகச் சொல்லப்படும் அசைவை வெவ்வேறு சிகிச்சையாளர்கள் ஒரே மாதிரி கண்டறிகிறார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. சிகிச்சையின் பலனுக்கும் தரமான சான்று ஏறத்தாழ இல்லை என்பதே அவர்களின் முடிவு.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

இத்தகைய சோதனை பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற நான்காம் வகுப்பு மாணவி, வேறொரு கைச்சிகிச்சையைத் தன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். அந்தச் சிகிச்சையாளர்கள் உடலைத் தொடாமலே அதன் ஆற்றலை உணர்வதாகச் சொன்னார்கள். அட்டைத் தடுப்புக்கு அப்பால் அவர்கள் இரு கைகளையும் நீட்ட, நாணயம் சுண்டி அவர்களின் ஒரு கைக்கு மேல் தன் கையை வைத்து, எந்தக் கை என்று கேட்டாள். 21 பேரிடம் 280 முறை கேட்டதில் 123 விடைகளே சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே 140 சரியாக வரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் இதை வெளியிட்டது.

நம் பள்ளியிலும் செய்யலாம். யாரும் யாருடைய தலையையும் அழுத்த வேண்டாம். மெதுவாக மூச்சுவிடுதல் நாடித்துடிப்பைக் குறைக்குமா என்று சோதிப்போம். மனக்கணக்குப் போட்டி முடிந்ததும் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரியுங்கள். ஒன்று மெதுவாக மூச்சுவிடட்டும்; மற்றொன்று சும்மா அமரட்டும். 5 நிமிடம் கழித்து, யார் எந்தக் குழு என்று அறியாத மாணவர்கள் எண்ணட்டும். என் வகுப்பில் சும்மா இருந்தவர்களுக்கும் துடிப்பு குறைந்தது. “அப்போ எதுவும் செய்யலன்னாலும் குறையுமா மிஸ்?” என்று ஒரு மாணவன் கேட்டான். ஒப்பீட்டுக் குழு எதற்கு என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தாயிடம் ஒரு வாரம் கழித்துப் பேசினேன். “தலையைப் பிடித்தால் இதமாக இருக்கலாம்மா. ஆனால் அதனால்தான் பதற்றம் குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கமும் தூக்கமின்மையும் தொடர்வதால் முதலில் அரசு மருத்துவரிடம் காட்டுவோம். தேர்வு பயம் பற்றி 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பேசலாம்” என்றேன். “ராத்திரி நானே எண்ணெய் வெச்சு விடலாமா டீச்சர்?” என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன்.