சுங்கான் மரத்தின் ரேகை

சுருட்டுத் தானே எரிந்து சாம்பலாகிவிடும். சுங்கானோ தன் வயிற்றிலே தீயை ஏந்திக்கொண்டு தான் எரியாது நிற்றல் வேண்டும். களிமண்ணாற் செய்த சுங்கான் அவ்வாறு நிற்பதில் வியப்பில்லை. மரத்தாற் செய்த சுங்கான் நிற்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், நல்ல சுங்கானின் மேனியிலே தோன்றும் ரேகைகளின் பொருளும் நமக்கு விளங்கும்.

சுங்கான் செய்வதற்குப் பெயர்பெற்ற மரத்தைப் பிரையர் என்பர். ஆங்கிலத்தில் இச்சொல் முட்செடியையும் குறிக்குமாதலால், காட்டு உரோசாவின் வேரே இதுவெனச் சிலர் மயங்குவர். அது பொருந்தாது. 'புறுயேர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு திரிந்தது. எரிக்கா ஆர்போரியா எனத் தாவரநூலார் வழங்கும் புதர்மரம் அது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த கோர்சிக்கா, சார்டீனியா, கலாபிரியா, கிரேக்கம், அல்சீரியா முதலிய இடங்களின் மலைச்சாரல்களில் வளர்வது.

அச்சாரல்களிலே கோடையிற் காட்டுத்தீ மூளுவதுண்டு. தண்டும் இலையும் கருகிப்போயினும் செடி மாள்வதில்லை. வேருக்கும் தண்டுக்கும் இடையே, மண்ணுக்குள், உருண்டு திரண்ட முண்டு ஒன்று இருக்கின்றது. மாப்பொருளும் உறங்கும் மொட்டுக்களும் அதிலே சேமிக்கப்பட்டுள்ளன. தீ அணைந்தபின் அம்மொட்டுக்களே துளிர்க்கின்றன. இந்த முண்டே சுங்கானாகின்றது. செறிவும் வன்மையும் உடைய இம்மரம் எளிதிலே தீப்பற்றாது. அன்றியும், பயன்படுத்தப் பயன்படுத்தக் கிண்ணத்தின் உட்புறத்திற் படியும் கரிப்படை, மரத்துக்கு ஒரு கவசமாகவும் அமைகின்றது.

சுங்கானுக்கு ஏற்ற அளவில் முண்டு பருக்க 30 முதல் 60 ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். தோண்டி எடுத்தவர்கள் அதனை ஈரம் புலராது மூடி வைப்பர்; திடீரென உலர்ந்தால் வெடித்துவிடும். பின்னர் அது வாளுக்கு முன்னே வருகின்றது. முண்டினுள்ளே கல்லும் மணலும் பொதிந்திருக்கலாம், பிளவு ஓடியிருக்கலாம். வெளியிலிருந்து அவற்றைக் காண்பதற்கு வழியில்லை. அரிவோன் ஒவ்வொரு வெட்டுக்கும் முண்டைத் திருப்பிப் பார்த்து, அடுத்த வெட்டு எத்திசையில் என்று நொடிப்பொழுதிலே துணிகின்றான். அத்துணிபு தவறினால் அரை நூற்றாண்டு வளர்ச்சி விறகாகிவிடும். அரிந்த துண்டங்களைப் பல மணிநேரம் நீரிலே அவித்து, சாற்றையும் துவர்ப்பையும் நீக்குவர். பிறகு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், அவற்றை நிழலிலே உலரவிடுவர்.

இனி ரேகையைப் பார்ப்போம். முண்டின் இழைகள் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி விரிந்து செல்கின்றன. ஈர்க்குக் கட்டு ஒன்றைப் பக்கவாட்டிலே நோக்கினால் நெடுங்கோடுகள் தெரியும். முனையிலே நோக்கினால் புள்ளிகள் தெரியும். மரத்தின் இழையும் அத்தகையதே. கிண்ணத்தின் சுவரிலே இழைகள் கீழிருந்து மேலாக ஓடினால் அதனை நேர்ரேகை என்பர். அதே கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் இழைகளின் முனைகள் சிறு வட்டங்களாகத் தோன்றும். அதனைப் பறவைக்கண் என்பர். இவை இரண்டு வகை மரங்கள் அல்ல. ஒரே மரத்தின் இரண்டு முகங்கள். துண்டத்தை வேறு திசையில் வைத்துக் கடைந்தால் பறவைக்கண் பக்கங்களுக்கு வந்துவிடும். இழைகள் மேல்நோக்கி விரிந்து சுடர்விடுவனபோல் தோன்றின், சுவாலை ரேகை எனப்படும்.

கிண்ணம் முழுவதையும் சுற்றிக் கோணலின்றி ஓடும் நேர்ரேகை கிடைத்தற்கு அரியது. ஆகவே அதன் விலையும் பெரிது. ஆனால் அழகிய ரேகை புகையின் சுவையை உறுதிசெய்யும் எனக் கருதுதல் தவறு. மரத்தை நன்றாக அவித்து உலர்த்தியதும், புகை செல்லும் துளையைச் செம்மையாகத் துளைத்ததுமே அதற்குக் காரணங்கள். மணற்குழிகளை மரநிறப் பசையால் அடைத்து, கருஞ்சாயம் பூசி மறைப்பதும் உண்டு. 1917ஆம் ஆண்டளவில் இலண்டன் டன்ஹில் நிறுவனத்தார் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். மேற்பரப்பிலே மணலை விசையுடன் வீசுவித்தனர். மென்பகுதி அரிக்கப்பட, வன்பகுதி வரம்புகளாக எஞ்சியது. மெருகிட்ட சுங்கான் இழையைக் காட்டும். மணல் வீசிய சுங்கான் வளர்ச்சி வளையங்களைக் காட்டும்.

பிரையர்ச் சுங்கான் தொழில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சென்குளோட் நகரிலே தழைத்தது. மரங்கடைதலில் முன்னரே கைதேர்ந்தோர் அந்நகரத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மத்தியதரைக்கடல் வழி அடைபட, அமெரிக்கச் சுங்கான் தொழிலாளர் தம் நாட்டுக் காடுகளை நாடினர். அப்பலாச்சிய மலைகளின் 'மவுண்டன் லோறல்' முண்டும், கலிபோர்னியாவின் மன்சனித்தா முண்டும் அவர்க்குக் கைகொடுத்தன. மன்சனித்தாச் சுங்கான்கள் 'மிஷன் பிரையர்' என்னும் பெயரில் விலைப்பட்டன. பெயர் வணிகர் இட்டதாயினும் உறவு முற்றிலும் பொய்யன்று: இம்மூன்றும் தாவரநூலின்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. போர் முடிந்ததும் தொழில் பழைய மரத்துக்கே மீண்டது. அக்காலத்துச் சுங்கான்களைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர்.

பழைய சுங்கானொன்று கைக்கு எட்டினால், முதலில் அதன் அடியையும் விளிம்பையும் பாருங்கள். பின்னர் பக்கங்களை நோக்குங்கள். கோடு எங்கே புள்ளியாகின்றது என்பதைத் தொடர்ந்து சென்றால், முண்டின் நடு எப்பக்கம் இருந்தது என்பது புலப்படும். அரிவோன் அன்று துணிந்த திசையும் அதுவே. இதற்குப் புகையிலை இட்டுப் பற்றவைத்தல் வேண்டா. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றிற் புற்றுநோய் தோன்றுதற்குச் சுங்கான் புகையும் காரணமாகும் என்பது மருத்துவர் நிறுவிய உண்மை. மரத்தைக் கண்ணாற் கண்டு மகிழ்வதற்கோ எத்தடையும் இல்லை.