குஞ்சின் உயரத்தில் ஒரு காடு

காட்டு வான்கோழிக்கு ஏற்ற நிலம் எது? அடர்ந்த காடு என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள், மாணவர்களே. விடை பாதிதான் சரி.

அளவற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்பறவை அற்றுப்போனது. பண்ணையில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டார்கள், அவை பிழைக்கவில்லை. பின்னர் காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்துக் குடியேற்றியதும் எண்ணிக்கை பல மில்லியனாக உயர்ந்தது. ஆனால் அண்மைய ஆண்டுகளில் தென்கிழக்கு மாநிலங்களில் மீண்டும் சரிவு. அதனால் இப்போது நிலத்தின் மீது கவனம் திரும்பியிருக்கிறது.

மரங்கள் தேவைதான். வான்கோழி இரவில் கிளையில் உறங்கும். குளிர்காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்னும். சிக்கல் தரையில் இருக்கிறது. பெட்டை தரையிலேயே 10 முதல் 12 முட்டைகள் இட்டு, 28 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மரமேற முடியாது. நரி, ரக்கூன், பாம்பு, மழை, குளிர் எல்லாவற்றுக்கும் அது தரையிலேயே ஈடுகொடுக்க வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அதற்குள் இறந்துவிடுவது வழக்கம்.

அந்தக் குஞ்சின் உயரத்திலிருந்து நிலத்தைப் பாருங்கள். விரைவாக வளர அதற்குப் புரதம் வேண்டும், அதாவது பூச்சிகள். அடர்ந்த மரநிழலில் செடிகள் குறைவு, எனவே பூச்சிகளும் குறைவு. மேய்ச்சலுக்கு விதைக்கும் ஃபெஸ்க்யூ புல்லோ பாய் விரித்ததுபோல் நெருங்கி வளரும். சின்னக் கால்கள் நுழைய வழியில்லை. குஞ்சுக்கு மேலே குடைபோல் இலைகள் வேண்டும், கீழே நடக்க இடைவெளி வேண்டும். தாய் தலையை நீட்டினால் சுற்றிலும் தெரியவும் வேண்டும்.

இதற்காகச் சில மரங்களை வெட்டித் தரைக்கு வெளிச்சம் விடுகிறார்கள். தெற்கத்திப் பைன் காடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தீயும் வைக்கிறார்கள். புகைமூட்டத்தால் பள்ளி மூடப்படுவதை அறிந்த நமக்கு இது விந்தைதான்! நம் வட்டாரத்தில் மட்கிய தாவரம் நிறைந்த சதுப்புநிலம் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைகிறது. அங்கே காற்றும் ஈரப்பதமும் பார்த்து, தீத்தடுப்புப் பாதை வெட்டி, சருகையும் புதரையும் மட்டும் எரிக்கிறார்கள். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. எரிந்த இடத்தில் பூச்சிகள் மொய்க்கும் இளஞ்செடிகள் முளைக்கும். எரியாத இடம் கூடு கட்ட உதவும்.

கடினமான வேலை வைக்கோல் வயலில்தான். புல் சத்தோடு இருக்கும் வசந்தகால இறுதியில் அறுத்தால் மாட்டுக்கு நல்லது. ஆனால் பெட்டை அடைகாப்பதும் அப்போதுதான். இயந்திரம் நெருங்கினாலும் அது பெரும்பாலும் கூட்டைவிட்டு எழாது. கோடை நடுப்பகுதிவரை காத்திருந்தால் கூடு தப்பும், தீவனத்தின் சத்து குறையும். அந்த இழப்பு விவசாயியுடையது.