'வேண்டாம்' என்று சொல்ல முடியாத பணம்!

ஆளுக்கு 30 டாலர். செல்போனில் ஒரு ஆப்பை டவுன்லோடு செய்தால் போதும், அரசாங்கமே போட்டுவிடும். 2021 செப்டம்பரில் எல் சால்வடார் நாட்டு மக்களுக்குக் கிடைத்த சலுகை இது. ஆப்பின் பெயர் 'ச்சீவோ'. அந்த ஊர் பேச்சுவழக்கில் 'சூப்பர்' என்று அர்த்தம்.

அந்த 30 டாலரும் பிட்காயினாக வந்தது. செப்டம்பர் 7-ம் தேதி முதல் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக ஆக்கியது எல் சால்வடார். உலகிலேயே முதல்முறை!

மத்திய அமெரிக்காவில் உள்ள குட்டி நாடு அது. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அவர்களுக்கென்று 'கொலோன்' என்ற நாணயம் இருந்தது. 2001-ல் அதை விட்டுவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிவிட்டார்கள். அதனால் தாங்களாக நோட்டு அடிக்க முடியாது. நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் அனுப்பும் பணம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பணத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் நம் ஊரிலும் உண்டே, அதே கதைதான்.

அதிபர் நயீப் புகேலே இதைத்தான் காரணமாகச் சொன்னார். பணம் அனுப்பும் நிறுவனங்கள் எடுக்கும் கமிஷன் மிச்சமாகும். பத்தில் ஏழு பேருக்கு வங்கிக் கணக்கே இல்லை, அவர்களுக்கு செல்போனே வங்கியாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிட்காயின் ரசிகர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அவர்களுக்கு இது வெறும் பணமல்ல, சுதந்திரம். எந்த அரசும் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது, மொத்தமே 2.1 கோடி காயின்கள்தான். நம் சாவியை நாமே வைத்திருந்தால் யாரும் கணக்கை முடக்க முடியாது. வெனிசுலா மாதிரி, சேமிப்பெல்லாம் விலைவாசியில் கரைந்துபோன நாட்டில் வாழ்ந்தவரிடம் கேட்டால் இதன் அருமை புரியும். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

ஏழாவது பிரிவு

ஆனால், எல் சால்வடார் கொண்டுவந்த சட்டத்தின் ஏழாவது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? பொருளோ சேவையோ வாங்குபவர் பிட்காயினை நீட்டினால், விற்பவர் அதை வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். தொழில்நுட்ப வசதியே இல்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு. எதிர்ப்பு கிளம்பியதும், 'பிடிக்காதவர்கள் ஆப்பை டவுன்லோடு செய்ய வேண்டாம்' என்று அதிபர் இறங்கி வந்தார். சட்டத்தில் இருந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. சுதந்திரத்துக்காகப் பிறந்த பணத்தைக் கட்டாயமாக்கினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

தெருவோரம் புபுசா விற்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். (சோள மாவுக்குள் சீஸ், பீன்ஸ் வைத்துத் தட்டிச் சுடும் கனமான அடை அது.) இன்று வாங்கும் காசில் நாளைக் காலை மாவு வாங்க வேண்டும். சட்டம் அமலுக்கு வந்த அன்றே பிட்காயின் விலை 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அரசு தந்த 30 டாலரை பிட்காயினாகவே வைத்திருந்தவருக்கு, 2022 நவம்பரில் சுமார் 10 டாலர்தான் மிஞ்சியிருக்கும். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் லட்சம் டாலரைத் தாண்டியபோது அதே தொகை 60 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. மாவு மில்காரர் மூன்று வருடம் கடன் சொல்ல விடுவாரா?

உடனுக்குடன் டாலராக மாற்றிக்கொள்ள வசதி செய்து, அதற்காக அரசு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அதாவது, விலை இறங்கும் ஆபத்து வியாபாரியின் தலையிலிருந்து எல்லோருடைய வரிப்பணத்தின் தலைக்கு மாறியது. 30 டாலர் வாங்கப் போன நூற்றுக்கணக்கானோர், தங்கள் அடையாள எண்ணை வைத்து வேறு யாரோ ஏற்கெனவே பணத்தை எடுத்துவிட்டதாகப் புகார் செய்தது தனிக்கதை.

மக்கள் என்ன சொன்னார்கள்?

சட்டம் வந்த சமயத்தில் அந்நாட்டின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில், மூன்றில் இரண்டு பேர் 'இது வேண்டாம்' என்றார்கள். 2022 பிப்ரவரியில் பொருளாதார ஆய்வாளர்கள் 1,800 வீடுகளில் நேரிலேயே விசாரித்தார்கள். ஆப்பை டவுன்லோடு செய்தவர்களில் பெரும்பாலோர் 30 டாலரைச் செலவழித்ததோடு அதைத் திறக்கவே இல்லை! தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார்? படித்த இளைஞர்கள், ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தவர்கள். கணக்கு இல்லாத ஏழைக்காக என்று கொண்டுவந்தது, அந்த ஏழையைச் சேரவில்லை. கையில் இருக்கும் ரொக்கமே மேல், இதில் நம்பிக்கை வரவில்லை என்பவை மக்கள் சொன்ன முக்கியக் காரணங்கள்.

இதே மக்கள்தான் 2024 பிப்ரவரியில் புகேலேவை 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு மீண்டும் அதிபராக்கினார்கள். காரணம் பிட்காயின் அல்ல, ரவுடிக் கும்பல்கள். மாமூல் கட்டாமல் கடை திறக்க முடிந்ததே அங்குள்ள சின்ன வியாபாரிக்குப் பெரிய விடுதலை. அதற்காக 2022 மார்ச்சில் அறிவித்த அவசர நிலையில் 80,000 பேருக்கு மேல் கைதானார்கள். பிடிவாரண்ட் இல்லாமலே பலர் சிறைக்குப் போனார்கள். ஒருவருக்குக் கிடைத்த நிம்மதியும் இன்னொருவர் இழந்த உரிமையும் ஒரே தெருவில் இருக்கின்றன.

கடைசியில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் கேட்கப் போனபோது, பிட்காயினை விருப்பத்துக்கு விடுங்கள் என்ற நிபந்தனை வந்தது. 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கடைக்காரர் 'வேண்டாம்' என்று சொல்லலாம். வரியை டாலரில்தான் கட்ட வேண்டும். இத்தனைக்கும், எல் சோன்டே என்ற கடற்கரைக் கிராமத்தில் 2019-லிருந்தே, எந்தச் சட்டமும் இல்லாமல், கடைக்காரர்கள் விரும்பி பிட்காயினை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம் நாடு வேறு வழியில் போனது. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. தொழில் செய்யும் உரிமையை அளவுக்கு மீறிப் பாதிக்கிறது என்று 2020 மார்ச் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் வரி வந்தது. இங்கே பிட்காயின் சட்டப்படி செல்லும் பணம் அல்ல, கடைக்காரர் வாங்கத் தேவையில்லை. ஆனால் வாங்கி விற்கத் தடையும் இல்லை. என்னைக் கேட்டால், கட்டாயத்தைவிட இது பரவாயில்லை. வரிதான் கொஞ்சம் காரம்.

லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் செஸ். விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு வாங்கி விற்றிருந்தாலும், லாபத்துக்கான அந்த 30 சதவீத வரி பொருந்தும். வருமான வரித் தாக்கலில் இதற்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. ஜூலை வருவதற்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.